ஜி.பி. ரோட்டிலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை

சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்பாகப் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த இருங்காட்டுக்கோட்டை மோட்டார் பந்தயத் தடத்துக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவு. முன்னது, வாகன உதிரி பாகங்களும் தலைக்கவசங்களும் ஓட்டுநருக்கான ஆடைகளும் விற்கும் கடைகள் நெருங்கி நிற்கும் வணிகத் தெரு, பின்னது, 3.717 கிலோமீட்டர் நீளத்தில் 12 வளைவுகள் கொண்டு, பந்தயம் இல்லாத நாட்களில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்கு வகுப்பறையாகும் தார்த்தடம். மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை முறையாகக் கற்க விரும்புபவர் இவ்விரண்டையும் ஒரே பயணத்தின் இரு முனைகளாகக் கொள்வது நல்லது. கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது தடத்தில்தான் முழுமையாக விளங்குகிறது என்பதும், சரியாக வாங்காதவரைத் தடம் உள்ளே விடுவதில்லை என்பதும் அதற்குக் காரணங்கள்.

நகரத்தார் ஜி.பி. ரோடு என்று சுருக்கிச் சொல்லும் இச்சாலையில், கூரையிலிருந்து தொங்கும் தலைக்கவசங்களின் வண்ணமும் ஒட்டுப்படங்களும் வாங்க வருபவரின் கண்ணை முதலில் இழுக்கின்றன; ஆயினும் பார்க்க வேண்டியது அவற்றின் பின்புறத்திலும் உட்புறத்திலும் உள்ள சிறு முத்திரைகளையே. இந்தியாவில் 2021 ஜூன் 1 முதல், ஐ.எஸ். 4151 என்னும் தர நிர்ணயத்துக்கு உட்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை பெறாத இருசக்கர வாகனத் தலைக்கவசத்தைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டவிரோதமாகும். இம்முத்திரை நுழைவாயில் போன்றதே அன்றி உச்சவரம்பு அல்ல. அதற்கு மேல் செல்ல விரும்புபவர் ஐரோப்பிய நாடுகளில் நடைமுறையில் உள்ள இ.சி.இ. 22.06 என்னும் விதியின் முத்திரையைத் தேடலாம். இவ்விதியின்கீழ், தலைக்கவசம் பொருத்தப்பட்ட மாதிரித் தலை ஒன்றை விநாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் இரும்புத் தளத்தின்மீது விழச்செய்து அளவெடுக்கும் பழைய சோதனையோடு, அதைவிடக் குறைந்த 6 மீட்டர் வேகத்திலும் அதிகமான 8.2 மீட்டர் வேகத்திலும் மோதச்செய்யும் சோதனைகளும், 45 பாகை சாய்ந்த தளத்தில் மோதவிட்டுத் தலை எவ்வளவு சுழல்கிறது என்று அறியும் சோதனையும் சேர்க்கப்பட்டன.

விநாடிக்கு 7.5 மீட்டர் என்பது மணிக்கு 27 கிலோமீட்டர் மட்டுமே என்பதால், நூறில் செல்பவருக்கு இச்சோதனை எப்படிப் போதும் என்ற ஐயம் எழுவது இயல்பு. வண்டி முன்னோக்கிச் செல்லும் வேகம் வேறு, தலை தரையை நோக்கி இறங்கும் வேகம் வேறு என்பதே அதற்கு விடை. எதிலும் நேராக மோதாமல் வழுக்கி விழுபவரின் தலை, அவர் அமர்ந்திருந்த உயரத்திலிருந்து விழும் வேகத்திலேயே தரையைத் தொடுகிறது. முன்னோக்கிய வேகம் சறுக்கலில் கரைகிறது. குறைந்த வேகச் சோதனையும் வீணானதன்று. தலைக்கவசத்தின் வெளி ஓட்டுக்கு உள்ளே இருப்பது நாம் தெர்மோகோல் என்றழைக்கும் நுரைப் பொருளின் அடர்த்தியான வகையாகும். அது நசுங்கும்போதுதான் மோதலின் ஆற்றலை உள்வாங்குகிறது. கடும் மோதலை மட்டும் மனத்திற்கொண்டு அதை மிகக் கெட்டியாகச் செய்தால், மிதமான மோதலில் அது நசுங்காமல் அதிர்வை அப்படியே மூளைக்குக் கடத்திவிடும்.

முத்திரைக்கு அடுத்தது அளவு. கடைக்காரர் நீட்டும் எண்ணை நம்பாமல், புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கித் தலையின் பின்புறத்துப் புடைப்பைச் சுற்றி நாடாவால் அளந்துகொள்வது முதற்படி. அணிந்தபின் கன்னப் பஞ்சுகள் கன்னத்தை அழுத்தி, வாயசைத்தால் உட்கன்னம் பல்லில் படும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். தலைக்கவசத்தை இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் நெற்றித் தோலும் அதனுடன் இழுபட வேண்டும். தோல் அசையாமல் கவசம் மட்டும் திரும்பினால் அது பெரிது. தாடை வாரைக் கட்டியபின், பின்விளிம்பைப் பிடித்து மேலும் முன்னுமாக இழுத்துப் பார்ப்பது மூன்றாவது சோதனை. அப்போது கழன்று வருவது விபத்திலும் கழன்றுதான் போகும். இவ்வளவும் தேறினாலும் கால்மணி நேரமாவது அணிந்தே நின்று, கழற்றியபின் நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்த தடம் விழுந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்க வேண்டும். விழுந்திருந்தால் கோளாறு எண்ணில் அன்று, வடிவத்தில் உள்ளது. சிலருக்குத் தலை முன்பின்னாக நீண்டிருக்கும், சிலருக்கு உருண்டிருக்கும், ஒவ்வொரு நிறுவனமும் தன் அச்சை ஏதோ ஒரு வடிவத்தை மனத்திற்கொண்டே செய்கிறது. விலை உயர்ந்ததும் பொருந்தாததுமான கவசத்தைவிட, நடுத்தர விலையில் தலைக்குப் பொருந்துவதே மேலானது என்பதில் ஐயமில்லை.

மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் தலையைக் காப்பது மருத்துவ உலகின் தூண்டுதலால் வளர்ந்த நடைமுறை. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று அறியப்பட்ட டி.ஈ. லாரன்ஸ் 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தபோது, அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர் அதன்பின் இத்துறையில் ஆய்வு செய்து, 1941இல் வெளியிட்ட கட்டுரையில் தலைக்கவசத்தின் தேவையை வலியுறுத்தினார். பிரிட்டிஷ் இராணுவம் அதே ஆண்டில் தன் மோட்டார் சைக்கிள் தூதர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை 1 முதல் தலைக்கவசக் கட்டாயம் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. அந்நாட்களில் தலைக்கவசக் கடைகளில் கூட்டம் நெரிந்தது. அபராதத்துக்கு அஞ்சி வாங்கப்பட்டவற்றுள் பல இன்றும் கைப்பிடியில் மாட்டியபடியே பயணம் செய்கின்றன.

நகரை விட்டுப் பூந்தமல்லி வழியே மேற்கே திரும்பினால், நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலை குறுக்கிட்டுக் கடக்க, இடப்பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் கரை நெடுந்தூரம் உடன்வர, தண்டலத்தைத் தாண்டியதும் தொழிற்பேட்டைகள் தொடங்குகின்றன. இந்நெடுஞ்சாலையைச் சுற்றிய நிலப்பரப்பு இந்திய வாகனத் தொழிலின் மையங்களுள் ஒன்று: இருங்காட்டுக்கோட்டையிலேயே ஹூண்டாய் கார் தொழிற்சாலை, தெற்கே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலைகள், வல்லம் வடகாலிலேயே யமஹா, இதே சாலையில் மேற்கே நெடுந்தூரம் சென்றால் ஓசூரில் டி.வி.எஸ். இத்தனை வண்டிகள் பிறக்கும் இச்சாலையிலேயே, வெறுந்தலையுடன் மூவர் அமர்ந்த வண்டிகள் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே புகுந்து செல்வதும், நடுத்தடுப்பின் இடைவெளியில் எதிர்த்திசையில் வருவதும் அன்றாடக் காட்சி. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் தலைக்கவசம் அணியாதிருந்தோர் 50,029 பேர் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு. வண்டி செய்யும் அறிவு வளர்ந்த அளவுக்கு வண்டி ஓட்டும் அறிவு வளரவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை; பயிற்சித் தடங்களின் தேவையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சென்னையின் பந்தய மரபு இத்தடத்தைவிட மூத்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், நகருக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைக்கப்பட்டுக் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. ஓடுதளத்தின் நேர்க்கோடுகளை வைக்கோற் பொதிகளால் வளைத்து நடத்தப்பட்ட அப்பந்தயங்களைக் காணக் கூட்டம் திரண்டது. பந்தயத்துக்கென்றே ஒரு தடம் வேண்டும் என்ற எண்ணம் இருங்காட்டுக்கோட்டையில் 1990 அளவில் நிறைவேறியது. 2011இல் 125 சிசி உலகச் சாம்பியன்ஷிப் போட்டியில் பங்கேற்ற சென்னையைச் சேர்ந்த சரத்குமாரும், தேசியப் பட்டங்கள் பல வென்ற ரஜினி கிருஷ்ணனும் ஜெகன் குமாரும் இத்தடத்தில் உருவானவர்களே.

பயிற்சி நாளில் தடத்தின் வாயிலைக் கடந்ததும் பயணி முதலில் சென்று நிற்கும் இடம் வகுப்பறையன்று, சோதனை மேசை. வண்டிகளை நிறுத்தி ஆயத்தப்படுத்தும் பேடாக் என்னும் பரப்பில், முகப்பு விளக்கும் சிவப்புப் பின்விளக்கும் உடைந்தால் கண்ணாடித் துகள்கள் தடத்தில் சிதறாதிருக்க அவற்றின்மீது ஒட்டுநாடா ஒட்டப்படுகிறது. பக்கக் கண்ணாடிகள் கழற்றப்படுகின்றன, அல்லது மூடப்படுகின்றன, ஏனெனில் தடத்தில் முன்னால் செல்பவர் பின்னால் பார்க்க வேண்டியதில்லை, முந்துபவருக்கே முழுப் பொறுப்பு. வண்டிக்குப்பின் ஆடையின் முறை. சோதிப்பவரின் விரல்கள் செல்லும் இடங்களைக் கவனித்தாலே, கடையில் எங்கே பார்த்திருக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

அவர் முதலில் தடவிப் பார்ப்பது தையலை. தோல் தேய்ந்து ஓட்டையாவதற்கு முன்பே தையல் பிரிந்துவிடுவது மலிவான தோற்சூட்டுகளில் பொதுவான குறை. ஆகவே தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகிய, தரையில் முதலில் படும் இடங்களில் இரண்டு அல்லது மூன்று வரிசைத் தையல் இருக்கிறதா, அவற்றுள் ஒன்றாவது மடிப்புக்குள் மறைந்து உராய்வுக்குத் தப்பியிருக்கிறதா என்று பார்க்கிறார். மேற்சட்டையும் காற்சட்டையும் தனித்தனியானால் இடுப்பைச் சுற்றி முழுமையாக ஓடும் ஜிப் இரண்டையும் இணைக்க வேண்டும். இல்லையேல் சறுக்கும்போது சட்டை மேலேறி முதுகு வெறுமையாகிவிடும். அடுத்து முழங்காலுக்குரிய காப்பைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கிறார். நின்றால் சரியாகத் தெரியும் காப்பு, விழுந்து உருளும்போது நகர்ந்து காலின் பக்கத்துக்குப் போய்விட்டால் இருந்தும் இல்லாததற்குச் சமம். இதனால்தான் நல்ல தோற்சூட் நிற்கும்போது கூனவைத்து இறுக்குகிறது. வண்டியின்மீது குனிந்து அமர்ந்தபின்பே அது உடலுக்குப் பொருந்துகிறது. கடையில் நின்றபடி அணிந்து பார்த்து, வசதியாக இருக்கிறது என்று வாங்குபவர் ஓரளவு பெரிய சூட்டைத்தான் வாங்குகிறார்.

தோலுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதை எளிய கணக்கு காட்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்து, எதிலும் மோதாமல் தாரில் சறுக்கும் உடல் நிற்பதற்கு ஏறக்குறைய 60 மீட்டர் தூரமும் நான்கு விநாடிக்கு மேலான நேரமும் பிடிக்கும். சாதாரணப் பருத்தி ஜீன்ஸ் உராய்வுச் சோதனைகளில் ஒரு விநாடி கூடத் தாங்குவதில்லை. தொழில்முறை மோட்டார் சைக்கிள் ஓட்டுநருக்கான ஆடைகளை முன்பு ஐரோப்பாவில் தரம்பிரித்த இ.என். 13595 என்னும் அளவுகோல், அதிகம் அடிபடும் பகுதிகளில் முதல் நிலைக்கு 4 விநாடியையும் இரண்டாம் நிலைக்கு 7 விநாடியையும் கோரியது. மாட்டுத்தோலும், அதைவிட மெல்லியதாக இருந்தும் வலிமை குன்றாத கங்காருத் தோலும் அந்த எல்லைக்குள் வந்தன. இப்போதைய இ.என். 17092 ஆடைகளை ஏஏஏ, ஏஏ, ஏ என வகுத்து, தோள், முழங்கால் போன்ற முதன்மைப் பகுதிகளுக்கு முறையே மணிக்கு 120, 70, 45 கிலோமீட்டர் வேகத்துக்கு ஒப்பான உராய்வுச் சோதனையை வைக்கிறது. தடத்துக்கு ஏஏஏ; நெடுஞ்சாலைக்குக் குறைந்தது ஏஏ; நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு ஏ போதும் என்று கொள்வது நேர்மையான அளவு. துணி ஜாக்கெட்டின் உட்புறச் சீட்டில் இவ்வெழுத்துகளைத் தேடாமல், முழங்கையில் கடினமான பிளாஸ்டிக் தெரிகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குவதே பெரும்பாலோர் வழக்கமாக உள்ளது.

அந்தப் பிளாஸ்டிக்கும் அதன் கீழுள்ள நுரையும் செய்யும் வேலை வேறு: உராய்வை அன்று, அடியைத் தாங்குவது. கை, கால் மூட்டுகளுக்கான காப்புகளை இ.என். 1621-1 தரம்பிரிக்கிறது, குறிப்பிட்ட ஆற்றலுடன் அடி விழும்போது மறுபக்கத்துக்குக் கடந்துசெல்லும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மிகாவிட்டால் முதல் நிலை, 20க்கு மிகாவிட்டால் இரண்டாம் நிலை. முதுகுக்கான இ.என். 1621-2இல் இவை 18 என்றும் 9 என்றும் இறுகுகின்றன. ஜாக்கெட்டுடன் இலவசமாக வரும் மெல்லிய ஸ்பாஞ்ச் தகடு பெரும்பாலும் இவ்விரண்டிலும் சேராது. அதை எடுத்துவிட்டு இரண்டாம் நிலைக் காப்பு ஒன்றை வாங்கி வைப்பதே குறைந்த செலவில் கிடைக்கும் மிகப்பெரிய முன்னேற்றம் எனலாம். இத்தாலிய நிறுவனமான டைனீஸ் 1970களின் இறுதியில் பிரிட்டிஷ் பந்தய வீரர் பாரி ஷீனுடன் சேர்ந்து முதுகுக்காப்பை வடிவமைத்ததிலிருந்து இன்றுவரை, அதன் பயன் நேரடி அடியைத் தாங்குவதில்தான் உள்ளது. உடல் முறுகியும் மடங்கியும் முதுகெலும்பு ஒடிவதை அதனால் தடுக்க இயலாது. 1990 முதல் 1992 வரை தொடர்ந்து மூன்று முறை உலகச் சாம்பியனான வெய்ன் ரெய்னி, 1993இல் இத்தாலியின் மிசானோ தடத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்து, மார்புக்குக் கீழே செயலிழந்தார். விழும் நொடியிலேயே காற்றால் உப்பி, கழுத்தையும் மார்பையும் தோள்களையும் சூழ்ந்துகொள்ளும் ஏர்பேக் ஆடை, முதுகுக்காப்பு விட்டுவைத்த இடைவெளிகளுள் சிலவற்றை நிரப்புகிறது. மோட்டோஜிபி பந்தயங்களில் 2018 முதல் அது கட்டாயம்.

கையுறையைப் புரட்டிப் பார்க்கும் சோதகர் உள்ளங்கையின் அடிப்பகுதியில், மணிக்கட்டை ஒட்டிய இடத்தில், வழுவழுப்பான கடினத் தகடு இருக்கிறதா என்று பார்க்கிறார். விழுபவர் எவரும் தம்மையறியாமல் கையை ஊன்றுகிறார். வெறும் தோல் தாரைப் பற்றிக்கொள்ள, உடலின் வேகம் முழுவதும் மணிக்கட்டின் சிறிய எலும்புகள்மீது விழுந்து அவை முறிகின்றன. தகடு கையை வழுக்கிச் செல்லவிடுவதால் அந்தப் பற்றுதல் நேர்வதில்லை. மணிக்கட்டைத் தாண்டி முன்கைவரை நீண்டு, சட்டைக் கையின்மேல் இறுகும் பட்டையும் கையுறையில் வேண்டும். பூட்ஸைச் சோதிக்கக் குதிகாலை ஒரு கையாலும் முன்பகுதியை மறுகையாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தால் போதும். எளிதில் முறுகுவது கணுக்காலைக் காக்காது. நம் ஓட்டுநர்கள் தலைக்கவசத்துக்கு அடுத்தபடி ஜாக்கெட்டையே நாடுகிறார்கள். பணம் குறைவாக இருப்பவர் கையுறையையும் கணுக்கால் மூடும் காலணியையும் முன்னால் வைப்பது நல்லது: ஊன்றுவது கை, வண்டிக்கு அடியில் சிக்குவது கால்.

சோதனை முடிந்து வகுப்பறைக்குள் சென்றால் பாடம் வேகத்தைப் பற்றியதாக இராது. அமெரிக்கப் பயிற்சியாளர் கீத் கோட் 1980இல் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல், 2010 முதல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து வகுப்புகள் நடத்தியது. மேலே சொன்ன ரெய்னி தம் தொடக்க காலத்தில் கோட்டிடம் பயின்றவர். அப்பள்ளியின் முறையில் ஒரு நாள் ஐந்து பாடங்களாகப் பிரிகிறது: ஒரு பாடத்துக்கு ஒரு கருத்து, அதை மட்டும் பழகத் தடத்தில் சுமார் 20 நிமிட ஓட்டம், இறங்கியதும் பயிற்சியாளருடன் உரையாடல். ஒரு பயிற்சியாளருக்கு மூன்று மாணவருக்கு மேல் இல்லை. மஞ்சள் கொடிக்கு அபாயம், சிவப்புக்கு ஓட்டம் நிறுத்தம், கட்டம்போட்ட கொடிக்கு முடிவு எனத் தடத்தின் ஓரத்தில் நிற்கும் மார்ஷல்களின் கொடிகளை மாணவர் மனப்பாடம் செய்த பின்பே ஓட்டம் தொடங்குகிறது.

கோட் 1983இல் வெளியிட்ட 'எ ட்விஸ்ட் ஆஃப் தி ரிஸ்ட்' நூலிலும் அதன் இரண்டாம் பாகத்திலும் விரிவாக எழுதிய கருத்துகளே இப்பாடங்களுக்கு அடிப்படை. அவற்றின் சாரம், வளைவில் ஓட்டுநரை வீழ்த்துவது பெரும்பாலும் டயரின் பிடி தீர்ந்துபோவது அன்று, அச்சத்தில் உடல் தானாகச் செய்யும் செயல்களே என்பதாகும். வளைவின் நடுவே வேகம் அதிகமென்று தோன்றியவுடன் வலக்கை ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடுகிறது. எடை முன்சக்கரத்தின்மீது பாய்கிறது. சஸ்பென்ஷன் அமுங்கி வண்டியின் நிலைப்பு கெடுகிறது. எதிர்பார்த்ததற்கு மாறாக வண்டி மேலும் வெளியே ஓடுகிறது. திரும்பிய கணத்திலிருந்து ஆக்சிலரேட்டரைச் சிறிது திறந்து, வளைவு முடியும்வரை இடைவிடாமல் மெல்ல மெல்லத் திறந்துகொண்டே சென்றால், எடையில் சுமார் 40 விழுக்காடு முன்சக்கரத்திலும் 60 விழுக்காடு அகலமான பின்சக்கரத்திலும் அமர்ந்து வண்டி நிதானமடைகிறது. கேட்கும்போது எளிதாகத் தோன்றும் இது, தடத்தின் நேர்க்கோடு முடிந்து வேகமான முதல் வலது வளைவு கண்முன் வந்து நிற்கும்போது எளிதாக இராது. அதனால்தான் முதல் பாடத்தில் பிரேக்கைத் தொடாமல், வேகத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு, கையின் இந்தப் பழக்கத்தை மட்டும் மாற்றச் சொல்கிறார்கள்.

திருப்பும் முறையும் பலருக்குப் புதிதாக இருக்கும். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். சக்கரம் கணநேரம் இடப்புறம் திரும்ப, வண்டி வலப்புறம் சாய்ந்து வளைகிறது. சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்கள் விமானம் செய்வதற்கு முன்பே சைக்கிளில் இதைக் கவனித்திருந்தனர். இருசக்கர வாகனம் ஓட்டும் எவரும் தம்மையறியாமல் இதைத்தான் செய்கிறார். ஆயினும் லாரி குறுக்கே வரும் நெருக்கடியில், அறியாமல் செய்ததை வேண்டியபோது செய்ய முடிவதில்லை. பேடாக்கின் திறந்த வெளியில் பயிற்சியாளர் எதிரே நடந்துவந்து கைகாட்டும் திசையில் மாணவர் வண்டியைத் தள்ளித் திருப்பிப் பழகும் காட்சியில் வேகம் சிறிதும் இல்லை; ஒரு நாளின் மிகப் பயனுள்ள பகுதி அதுவாகவே இருக்கக்கூடும். கண்ணுக்கும் பயிற்சி உண்டு. அஞ்சுபவரின் பார்வை அஞ்சும் பொருளின்மீதே நிலைக்கிறது, வண்டியும் அதை நோக்கியே செல்கிறது. வளைவின் உட்புள்ளியை முன்கூட்டியே கண்டு, அங்கே சேர்வதற்குள் பார்வையை வெளியேறும் வழிக்கு நகர்த்தப் பழகியவர், மழைநீர் தேங்கிய குழியைக் கண்டாலும் குழியைப் பாராமல் அதன் பக்கத்து வழியைப் பார்க்கிறார்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இப்பயணம் முழுமையாகாது. கறுத்த தாரும் நிழலற்ற வெளியும் கொண்ட இருங்காட்டுக்கோட்டையில் கோடையின் நண்பகல் கடுமையானது. தோற்சூட்டுக்குள் இருப்பவரின் உடல் ஓட்டம் முடிந்து இறங்கும்போது நனைந்திருக்கும். இந்த வெப்பத்தில் இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று சாலையில் சொல்லப்படும் வாதத்துக்கு ஓரளவு நியாயம் உண்டு, மறுப்பதற்கில்லை. உடல்நீர் குறைந்தவரின் கவனமும் குறையும். களைத்த மாணவர் கடைசி ஓட்டத்தைத் தவிர்த்துவிட்டு நிழலில் அமர்வதைப் பயிற்சியாளர்கள் குறையாகக் கருதுவதில்லை. ஆனால் விடை காப்பைக் கைவிடுவதில் இல்லை. நுண்துளையிட்ட தோல், காற்றை உள்ளே விடும் கண்ணி நெய்த ஜாக்கெட், வியர்வையை உறிஞ்சித் தேக்கும் பருத்தி பனியனுக்கு மாற்றாக வியர்வையை விரைந்து உலரவைக்கும் மெல்லிய உள்ளாடை, ஓட்டத்துக்கு ஓட்டம் தண்ணீரும் உப்பும் என்று வழிகள் உள்ளன. பகுதி பகுதியாக வலை கொண்ட ஜாக்கெட்டை வாங்கும்போது தோளும் முழங்கையும் வலையாக இல்லாமல் கெட்டித் துணியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டால், நெடுஞ்சாலைக்கு அது ஏற்றதே. இதே நெடுஞ்சாலை மேற்கே இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் பதனிடும் ஊர்களின் வழியே செல்கிறது. சென்னை அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. தோலையும் வெப்பத்தையும் இவ்வளவு நெருங்கி அறிந்த நிலப்பகுதி, நம் தட்பவெப்பத்துக்கென்றே ஓட்டுநர் ஆடை ஒன்றை உருவாக்கித் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையன்று.

தடம் பாதுகாப்பானது என்பதற்கும் வரம்பு உண்டு. எதிரே வாகனம் வாராது, நடைபாதை இல்லை, ஆம்புலன்ஸ் எந்நேரமும் ஆயத்தமாக நிற்கும். ஆயினும் 2023 ஆகஸ்டில் இதே தடத்தில் நடந்த தேசியப் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவர் ஒருவர் விழுந்து உயிரிழந்தார். பலர் ஒருவரையொருவர் ஒட்டி ஓட்டும் பந்தயத்துக்கும், இடைவெளி விட்டு ஓட்டப் பணிக்கும் பயிற்சி வகுப்புக்கும் ஆபத்தின் அளவு வேறுவேறு. பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர் சான்றிதழைவிட, மாணவரைத் திறனுக்கேற்பக் குழுவாகப் பிரிக்கிறார்களா, முந்துவதற்கு என்ன விதி வைத்திருக்கிறார்கள், விதியை மீறியவரை உண்மையிலேயே வெளியே அனுப்புகிறார்களா என்று கேட்டறிவது முறை. மேற்கு மாவட்டங்களில் உள்ளவர்களுக்குக் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது. 1995இல் விமான விபத்தில் மறைந்த பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரிவரதனின் பெயர் தாங்கிய அத்தடம் நீளத்தில் சிறியது, ஆகவே வேகம் குறைவு, வளைவுகள் அடுத்தடுத்து நெருங்கி வரும். முதன்முறை பழகுபவருக்கு அது ஒரு வகையில் நன்மையே.

மாலையில் ஒட்டுநாடாவைப் பிரித்துக் கண்ணாடிகளை மீண்டும் பொருத்திக்கொண்டு நெடுஞ்சாலைக்குத் திரும்புபவர், தடத்தில் கற்றவற்றுள் சிலவற்றை அங்கேயே விட்டுவிட வேண்டும். தடத்தின் முழு அகலத்தையும் பயன்படுத்தி வளையும் கோடு, எதிரே வண்டிகள் வரும் சாலையில் ஆபத்தானது. ஓரத்தில் மணல் சேர்ந்த வளைவில் தடத்தின் சாய்வுக் கோணம் எடுபடாது. கண்ணும் ஆக்சிலரேட்டரைத் திறக்கும் நிதானமும் மட்டும் கூடவே வருகின்றன. விழுந்தவர் ஆடையையும் அன்றே பிரித்துப் பார்க்க வேண்டும்: தையல் விட்ட சூட்டைத் தோல் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம், தேய்ந்த முழங்கால் சறுக்குத் தகட்டைக் கழற்றி மாற்றலாம், அடிபட்ட காப்பைப் புதியதால் நிரப்பலாம். தலைக்கவசத்துக்கு இந்தப் பழுதுபார்ப்பு இல்லை. வெளி ஓடு கீறலோடு தப்பியிருந்தாலும் உள்ளே நசுங்கிய தெர்மோகோல் மீண்டும் எழுவதில்லை, அது வெளியே தெரிவதுமில்லை. அதைக் குப்பையில் போடுவதற்கு முன் தாடை வாரை அறுத்துவிடுவது தடங்களில் வழக்கம். துடைத்து மெருகேற்றப்பட்டு வேறொருவர் தலைக்கு அது விற்கப்படாமல் இருப்பதற்கு அது ஒன்றே உறுதி.